குளம் ஒரு கையில், கூடம் இன்னொரு கையில்: சாட்ஸ்வொர்த் பொழுதுபோக்கு மையங்களுக்கு நான்கு வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சிக்கு நிதியாண்டு ஜூலை 1 அன்று பிறக்கிறது. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே வரவு செலவுத் திட்ட வரைவை மன்றத்தில் வைத்துவிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். ஆகவே ஏப்ரல் வந்தால் வார்டுக் கூட்டங்கள் சூடுபிடிக்கும். தண்ணீர்க் கட்டணம், குப்பை, சாலைக் குழி எல்லாம் பேசி முடித்தபின் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: பூட்டிக் கிடக்கும் நீச்சல் குளத்தையும் கூரை ஒழுகும் சமூகக் கூடத்தையும் என்னதான் செய்யப் போகிறீர்கள்?

அடிபடும் யோசனைகள் நான்கு. இருப்பதைப் பழுதுபார்த்து மாநகராட்சியே நடத்துவது. சின்ன மையங்களை மூடிவிட்டு ஒரே பெரிய மையம் கட்டுவது. தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது. ஊர்ச் சங்கத்திடமோ அறக்கட்டளையிடமோ ஒப்படைப்பது. நான்கையும் நான் இரண்டே கேள்விகளால் அளக்கிறேன். பம்ப் நின்றுபோனால் யார் ஓடி வருவார்? சனிக்கிழமை காலையில் சாவி யார் கையில் இருக்கும்? முதல் கேள்வி குளத்துக்கு, இரண்டாவது கூடத்துக்கு. இரண்டுக்கும் ஒரே பதில் தேடுவதுதான் இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாகக் கெடுத்துவருகிறது என்பது என் வாதம்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, இரண்டாம் பகுதி, உள்ளூர் விளையாட்டு வசதிகளையும் பூங்காக்களையும் பொழுதுபோக்கையும் நகராட்சிகளின் கணக்கில் எழுதியிருக்கிறது. மாகாணத்தைக் கேளுங்கள், மத்திய அரசு இருக்கும் பிரிட்டோரியாவைக் கேளுங்கள் என்று கையை விரிக்க முடியாது.

டர்பனின் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் இல்லை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் 1960களில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட இந்தியர்களின் ஊர் இது. மேகஸின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் இதே நகராட்சிக்குத் தெருப் பெருக்கியும் குப்பை அள்ளியும் உழைத்தவர்கள். பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்க 1953இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் நீங்கியது. அதுவரை நல்ல குளங்களும் நல்ல கடற்கரைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தன. “கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, குளம் எதற்கு?” என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைவூட்டலாம். கழிவுநீர் நிலையங்கள் உடைந்து, கழிவு கடலில் கலந்து, கடற்கரைகளை மூட வேண்டியிருந்தது. தவிர, எந்தக் குழந்தையும் அலையில் நீச்சல் கற்பதில்லை.

முதல் வழி, பழுதுபார்த்து நடத்துவது. கேட்க எளிது. ஆனால் பம்ப் அறைக்குள் ஒரு முறை போய்ப் பார்த்தால்தான் குளம் எவ்வளவு கவனம் கேட்கும் பண்டம் என்று தெரியும். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர். அது ஓயாமல் மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிவர வேண்டும். அழுத்தமானியின் முள் ஏறினால் வால்வைத் திருப்பி, நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு, மணலில் சிக்கிய அழுக்கை வெளியேற்ற வேண்டும். டர்பன் வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அளந்து அளந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜனவரியில் பம்ப் நின்றால் வாரம் முடிவதற்குள் தண்ணீர் பச்சை கட்டும். காலி செய்து விடலாம் என்றால் அதுவும் ஆபத்து: வெறும் குளத்தின் தரையை நிலத்தடி நீர் கீழிருந்து நெம்பும், ஓடுகள் பெயரும்.

இத்தனைக்கும் உடைவது பெரும்பாலும் சின்னப் பொருள்தான். மோட்டாரின் ஒரு பேரிங், ஒரு சீல். அதை வாங்க விலைப்புள்ளி கேட்டு, கோப்பு மேசை மேசையாக நகரும். அதற்குள் காவலில்லாத அறையிலிருந்து செம்புக் கம்பியை யாரோ அறுத்துப் போயிருப்பார்கள். பேரிங்கில் தொடங்கிய செலவு மின்இணைப்பு, மோட்டார், கதவு, ஓடு என்று வளர்ந்து, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ‘புனரமைப்பு’ என்ற பெயரில் ஏறும். ஆக, முதல் வழியின் நோய் பணப் பற்றாக்குறை மட்டுமன்று, கொள்முதலின் தாமதமும்கூட. இதற்கு மருந்தும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாநகராட்சியின் மேல் நிதிச்சுமை ஏற்றும் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டினால்தான் அதே நிதி மேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்பும் பொதுமக்கள் கருத்தும் தேவை. பகுதி வாரியாக எல்லாக் குளங்களுக்கும் சேர்த்து மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று போட்டு, பம்ப் நின்றால் இத்தனை நாளுக்குள் அது மீண்டும் ஓடியாக வேண்டும் என்று எழுதி, தாமதத்துக்கு அபராதமும் வைத்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உயிர்காப்பாளர் மட்டும் மாநகராட்சி ஊழியராகவே இருக்கட்டும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இந்த வழி தோற்கிறது. கூடத்தை வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும்: முன்பணம் கட்ட ஓர் அலுவலகம், ரசீது காட்ட இன்னோர் அலுவலகம், சாவிக்காரரோ வேறெங்கோ. கல்யாண வீட்டார் பின்கட்டில் பிரியாணித் தேக்சாவை இறக்கி வைத்துவிட்டுப் பூட்டிய கதவின் முன் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கைபேசியோடு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தபடியே இருந்தார். முகூர்த்த நேரம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது வழி, ஒரே பெரிய மையம். இதற்கு நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். கூரையிட்ட வெந்நீர்க் குளம் என்றால் ஜூன், ஜூலை குளிரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பாடம் நடக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சரிவுப் பாதை, முதியவர்களுக்கு நீர்ப் பயிற்சி, ஒரே இடத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள். பத்துச் சின்னப் பம்ப் அறைகளைவிட ஒரு பெரிய அறையைக் கவனிப்பது எளிதும்கூட.

ஆனால் சாட்ஸ்வொர்த்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர். பேவியூவிலிருந்து ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டுமென்றால் டாக்ஸி எனப்படும் பங்குச் சிற்றுந்தின் கட்டணமே நுழைவுச் சீட்டைவிட அதிகமாகும். நடுவில் ஒரு டாக்ஸி மாற வேண்டியிருந்தால் போக வர இரட்டிப்பு. இசை அதிரும் பழைய சாட்ஸ்வொர்த் பஸ்களில் பிள்ளைகள் தனியாகக் குளத்துக்குப் போய்வந்த கதையைத் தாத்தாக்கள் சொல்வார்கள். இன்றைய பெற்றோர் பத்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புவார்களா? நடந்து போகும் தூரத்தில் இல்லாத குளம் கார் வைத்திருப்பவரின் குளம். தவிர, ஒரு கோளாறு வந்தால் ஊருக்கே நீச்சல் நின்றுவிடும்.

பெரிய கட்டடங்களில் டர்பனுக்குப் பழக்கம் உண்டு. 2010 உலகக் கோப்பைக்காக எழுந்த மோசஸ் மபீடா அரங்கம் 300 கோடி ராண்டுக்கு மேல் விழுங்கியது. 2004இல் திறந்த உஷாகா கடல் பூங்கா மாநகராட்சிக்கே சொந்தமான நிறுவனம் நடத்துவது. அதுவும் பல ஆண்டுகள் நட்டத்தைத்தான் காட்டியது. சுற்றுலாவுக்கு அவை வேண்டும் என்பார்கள், இருக்கட்டும். நாடா வெட்டும் நாளில் கூடும் தலைவர்கள் மணல் வடிகட்டி மாற்றும் நாளில் வருவதில்லை என்பது மட்டும் ஆர்வத்துடன் கவனிக்கத்தக்கது.

தனியார் குத்தகையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. லாபம் வரும் மையத்தைக் கேட்பார்கள், வராததை நம்மிடமே விட்டுவிடுவார்கள். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம், 78ஆம் பிரிவு, வெளியாரிடம் சேவையைக் கொடுப்பதற்கு முன் தன்னால் அதைச் செய்ய முடியுமா என்று ஆராயச் சொல்கிறது. தொழிற்சங்கத்தின் கருத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்த ஆய்வை ஒழுங்காகச் செய்தாலே பாதித் திட்டங்கள் நின்றுவிடும். உடற்பயிற்சி அறை, ஐவர் கால்பந்துத் திடல், சிற்றுண்டிக் கடை போன்றவற்றைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பம்ப் நின்றால் தனியார் விரைவாக வருவார், உண்மை. நுழைவுச் சீட்டின் விலை ஏறும்போதும் அதே விரைவு இருக்கும்.

நான்காவது வழிதான் நம்மவர்களுக்கு மனத்துக்கு நெருக்கம். காரணமும் உண்டு. அந்நாளைய நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளின் பள்ளிகளில் பெரும்பகுதி பெற்றோர் பணம் திரட்டி எழுப்பிய அரசு உதவிப் பள்ளிகள். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே.கான் மருத்துவமனை ஓர் அறக்கட்டளைப் பணத்தில் வேர்விட்டு 1969இல் திறந்தது. டர்பன் நடுவே கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தை இந்திய விளையாட்டுச் சங்கத்தார் நடத்திய காலத்தில்தான் நிறவேற்றுமையற்ற விளையாட்டு அங்கே காலூன்றியது. 2000 மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த் இரவு விடுதியொன்றின் நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தபின், மண்டேலாவின் ஆதரவோடு நன்கொடை திரட்டி எழுந்ததுதான் அவர் பெயரைத் தாங்கிய சமூக இளைஞர் மையம். லண்டனின் கிரீனிச் பகுதியில் 1993இல் ஊழியர்களே உரிமையாளர்களாகச் சேர்ந்து நகராட்சியின் ஏழு மையங்களை எடுத்து நடத்தத் தொடங்கிய அமைப்பு இன்று பிரிட்டன் முழுவதும் பரவியிருக்கிறது.

இந்தப் பெருமையில் மயங்கிக் குளத்தையும் சங்கத்தின் தலையில் கட்டுவதுதான் பிழை. ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆடி காற்றும் மழையும். இங்கே அது நடுக் குளிர்காலம். குளத்தில் ஆள் இறங்கமாட்டார். ஆடியில் நம்மவர் கல்யாணமும் வைக்கமாட்டார்கள், ஆகக் கூடத்துக்கும் வாடகை குறையும். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கக் கோயில் இருக்கிறது, கூடம் வேண்டாம். வரும்படி இரண்டும் ஒரே மாதத்தில் வற்ற, சம்பளமும் மின்கட்டணமும் மட்டும் வந்துகொண்டிருக்கும். கிரீனிச்சில் இருந்தது முழுநேர ஊழியர் பட்டாளம்; இங்கே சங்கச் செயலாளர் பகலில் வேலைக்குப் போகும் மனிதர். குளத்தில் ஒரு குழந்தைக்கு விபத்து நேர்ந்தால் நீதிமன்றப் படியேறுவது அவரா?

இன்னொன்றையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். சாட்ஸ்வொர்த் இன்று இந்தியர்கள் மட்டும் வாழும் ஊர் அன்று. பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியின் ஜூலு மொழிப் பிள்ளைகளுக்கும் அதே கூடம்தான் பொது இடம். கோயில் சார்ந்த சங்கம் கூடத்தை எடுத்தால் முதல் கூட்டத்திலேயே கிளம்பும் விவகாரம், சமையற்கட்டில் இறைச்சி ஏறலாமா என்பது. நம்மவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. புரட்டாசியில் ஒருவர் விரதம் இருப்பார், பக்கத்து வீட்டார் பிறந்தநாள் வைப்பார். பொதுப் பணத்தில் கட்டிய கூடத்தில் எந்தச் சங்கத்தின் விரதமும் சட்டமாகக் கூடாது.

ஆகவே நான்கில் எதையும் முழுதாக வாங்கிக்கொள்ள நான் தயாரில்லை. குளங்கள் மாநகராட்சியிடமே, மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு. கூடங்கள் பகுதிச் சங்கங்களின் கூட்டுக் குழுவிடம், கட்டட உரிமை மாறாமல், மூன்றாண்டுக் குத்தகைக்கு. குழுவில் கோயில், பள்ளி, விளையாட்டு மன்றம், குடிசைப் பகுதி ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். வாடகை விகிதத்தை வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். முன்பதிவுப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கூரையும் சுவரும் மாநகராட்சியின் செலவு. நாற்காலி, பெயின்ட், காவல் குழுவின் செலவு. பெரிய மையம் வேண்டுமானால் இவை இரண்டும் ஓடத் தொடங்கியபின் பேசலாம்.

வார்டுக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறவர்கள் ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பல மையங்களில் குளமும் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் குளத்துக்குத் தனி மின்மானியும் தனித் தண்ணீர் மானியும் பொருத்தியாக வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஓடிய கட்டணம் கூடத்துக் குழுவின் பெயரில் வந்து நிற்கும்.