கார் சப்வூஃபர் மாட்டப் போகிறவர்கள் படியுங்கள்: என் 38,500 ரூபாய் போன கதை

கடைப் பெயரைப் போடவில்லை. கோவையில் பெரிய போர்டு வைத்த கார் ஆக்சசரீஸ் கடை என்று மட்டும் தெரிந்தால் போதும். என் ஸ்விஃப்டுக்கு சப்வூஃபர் (பாஸ், அதாவது அடிச்சத்தம் மட்டும் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர்), அதை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பெட்டி, வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் வாங்கினார்கள். மாட்டி ஒரு வாரம்தான் ஓடியது. ஆம்ப் செத்துவிட்டது, சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகிவிட்டது. விட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கும்.

அந்தக் கடைக்காரர் பேச்சு அப்படி. டெமோ வண்டியில் உட்கார வைத்து ஒரு தவில் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுவிட்டார். தொப்பிப் பக்கம் விழுந்த ஒவ்வொரு அடியும் முதுகில் வந்து இடித்தது. டீ வரவழைத்தார். ஒரு முழம் பவர் வயரை எடுத்து முனையைச் சீவிக் காட்டி, "பாருங்கண்ணா, சுத்தக் காப்பர். உங்க வண்டிக்குப் போய் நான் மட்டமானதைப் போடுவனுங்களா?" என்றார். செக்கச்செவேல் என்றுதான் இருந்தது. ஆம்ப் அட்டைப்பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. நின்ற இடத்திலேயே பணத்தை அனுப்பினேன்.

அவிநாசி ரோட்டில் வரும்போது பாட்டு பட்டென்று நின்று, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. ஆம்பில் சிவப்பு விளக்கு. பானட்டைத் திறந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் கேட்டதே, "பேட்டரிகிட்ட ஃப்யூஸ் எங்கண்ணா?" என்றுதான். இல்லவே இல்லை! பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக வயரை இழுத்து, தகரத்து ஓட்டையில் ஒரு ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கூடப் போடாமல் உள்ளே நுழைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உறை அறுபட்டு உருகியிருந்தது. அவர் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினார். மேல்பூச்சுதான் காப்பர், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். சிசிஏ (காப்பர் பூசிய அலுமினியம்) என்பார்கள். அதே தடிமனில் காப்பர் தாங்கும் கரண்டை இது தாங்காது.

2000 வாட்ஸ் என்பதும் பொய். ஆம்பில் இருப்பது ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ். வண்டி ஓடும்போது இருக்கும் 14 வோல்ட்டால் பெருக்கினால் 420. உள்ளே போவதே 420 வாட்ஸ்தான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 2000 எங்கிருந்து வரும்? பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம்ஸுக்குக் கீழே போகக்கூடாத ஆம்ப் அது; குறைந்தால் தாங்காத அளவு கரண்ட் ஓடும். அதில் சப்வூஃபரின் இரண்டு 4 ஓம்ஸ் காயிலையும் பேரலலில் கொடுத்து 2 ஓம்ஸ் ஆக்கியிருக்கிறார்கள். ஆம்பில் சிக்னலைக் கூட்டும் கெயின் திருகையும் முழுசாகத் திருகி வைத்திருக்கிறார்கள். பாஸ் அள்ளும் என்று சொல்லி அனுப்பியது இதை வைத்துத்தான்.

கடைக்குப் போனால் ஓனர் வெளியூர். அடுத்த முறை, மாட்டின பையன் லீவு. பிறகு, "நீங்க சவுண்டு ஜாஸ்தி வச்சிருப்பீங்க, காயில் எரிஞ்சா வாரண்டி வராதுங்க." சவுண்டு வைக்கத்தானே 38,500 ரூபாய் கொடுத்தேன்! டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் இப்போது கல்லாவிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கொடுத்த பில்லும் வெறும் எஸ்டிமேட் துண்டு, மாடல் நம்பர் கிடையாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அட்டைப்பெட்டி வாட்ஸைப் பார்க்காதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான வாட்ஸ்) கேளுங்கள், ஆம்ப் ஃப்யூஸைப் பாருங்கள். வயரை நீங்களே சுரண்டிப் பாருங்கள். மாடல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இல்லையென்றால் ஆம்புக்குப் போகும் அந்த வயரைக் கழற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.