கல்குடா வீடும் மகாவலி ரோடும்: எட்டு வருச அனுபவம்

2017 கடைசியில கிழக்குக் கரையில, கல்குடாவில எங்கட சின்ன வீட்டு வேல முடிஞ்சது. ரெண்டு அறை, முன்னுக்கு விறாந்தை, பின்னுக்கு தகரம் போட்ட குசினி, வளவுக்குள்ள பதினொரு தென்னை, படலையில இருந்து கடல் 350 மீட்டர் அளவில வரும். நாங்க இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில. கிழக்கில கடல் அமைதியா இருக்கிறது ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தானே, அந்த மாசங்களில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூண்டு நாலு தரம் போவம், மத்த நேரமெல்லாம் வீடு பூட்டு. புயல் வாறது ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும். அதாவது காத்து வீட்டை அடிக்கிற நேரம் நாங்க ஒருத்தரும் அங்க இல்ல, இடையில 300 கிலோமீட்டர் கிட்ட ரோடு, அந்த ரோட்டுக்கு குறுக்கால மகாவலி ஆறு. நான் செஞ்ச பிழையும் சரியும் எல்லாம் இதைச் சுத்தித்தான் வரும், அதனால வீட்டையும் ரோட்டையும் சேர்த்தே எழுதுறன்.

முதல்ல அப்பாவைச் சொல்லோணும். அவர் 78 புயல் பாத்தவர். 1978 நவம்பர் 23 ராத்திரி மட்டக்களப்பில அவங்கட வீட்டுக் கூரை போனதை இண்டைக்கும் நேத்து நடந்த மாதிரிச் சொல்லுவார். நடுவில காத்து ஒருக்கா நிண்டதாம், சனம் முடிஞ்சுதெண்டு வெளியால வந்து பாத்ததாம், கொஞ்ச நேரத்தில எதிர்ப்பக்கத்தால திரும்ப அடிச்சதாம், அந்த ரெண்டாவது அடியில தான் கனக்க வீடு விழுந்ததெண்டு சொல்லுவார். அந்தப் புயலில 900 பேருக்கு மேல செத்தாங்க, மாவட்டத்தில தென்னந்தோப்பெல்லாம் தரையோட போச்சு. கடலுக்கு கிட்டவா ஒரு காணி மலிவா வந்த நேரம் வேணாமெண்டு நிண்டது அவர்தான். உயர்நீர்க் கோட்டில இருந்து 300 மீட்டர் உள்ளுக்கு வரைக்கும் கரையோர வலயம், அதுக்குள்ள கட்டுறதெண்டா கரையோரம் பேணல் திணைக்களத்திட்ட பெர்மிட் எடுக்கோணும், அந்த அலைச்சலை விட அப்பாவுக்கு கடல் ஏறி வாற பயம் தான் பெரிசா இருந்தது. விறாந்தையில நிண்டா கடல் தெரியாது எண்டு நான் அப்ப கவலைப்பட்டன். இப்ப அவருக்கு நன்றி சொல்லாத வருசம் இல்ல.

கட்டின நேரம் விட்ட பெரிய பிழை கூரை. கொழும்பில இருந்து கூட்டிக்கொண்டு போன கொந்தராத்துக்காரர் கொழும்பில போடுற மாதிரியே போட்டிட்டார், சுவருக்கு மேல வளையை வச்சு ஆணி அடிச்சதோட சரி. 78 புயலுக்குப் பிறகு 1980 இல பலத்த காத்துக்கு ஏத்த மாதிரி வீடு கட்டுறதுக்கெண்டு ஒரு அரசாங்க வழிகாட்டி வந்தது, அதில நாட்டை மூண்டு காத்து வலயமா பிரிச்சிருக்கு. கிழக்குக் கரை முதலாவது வலயம், சாதாரண வீட்டுக்கே செக்கனுக்கு 49 மீட்டர், மணிக்கு 176 கிலோமீட்டர் கிட்ட. கொழும்பு மூண்டாவது வலயம், 33.5 மீட்டர், மணிக்கு 120. பாக்கிறதுக்கு ஒண்டரை மடங்கு வித்தியாசம் மாதிரித்தான் இருக்கும், ஆனா காத்து தாற விசை வேகத்திட வர்க்கத்தோட கூடுறதால கூரைக்கு வாற இழுவை ரெண்டு மடங்குக்கு மேல போகுது. இதை எனக்கு விளங்கப்படுத்தினது வாழைச்சேனையில ஒரு வயசான தச்சு பாஸ். "தம்பி, ஓடு பாரத்தில கூரை இருக்குமெண்டு நினைக்காதீங்க, காத்து கூரையை அமத்தாது, தூக்கும்" எண்டார். பிறகு 2018 இல அவரே பீமை துளைச்சு போல்ட் இறக்கி, ஒவ்வொரு வளையையும் இரும்புப் பட்டியால கட்டித் தந்தார். ஓட்டில ஓரத்து வரிசையும் முகட்டு ஓடும் தான் முதல்ல பறக்கும், அதனால அந்த வரிசைகளை மட்டும் ஒவ்வொரு ஓடா கம்பியால கட்டி, முகட்டுக்கு சீமெந்து புதுசா பூசினம். கல்வனைஸ் பட்டி மூண்டு வருசத்தில சிவப்பா துருப்பிடிச்சிட்டு, உப்புக்காத்து அப்பிடி. இப்ப எல்லாம் 316 கிரேட் ஸ்டெயின்லெஸ், விலை குத்தும், ஆனா 2021 இல மாத்தினதுக்கு இண்டை வரைக்கும் ஒரு புள்ளி துரு இல்ல. 304 எண்டு மலிவா காட்டுவாங்க, கடலுக்கு கிட்ட அது காணாது.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி. கொரோனா நேரம், வெள்ளவத்தையால வெளிக்கிடவே யோசிச்ச காலம். கடல் பக்க ஜன்னல் எல்லாத்துக்கும் பலகை போட்டாச்சு, அதனால நிம்மதியா இருந்தன். புயல் திருகோணமலைக்கு வடக்கால ஏறிச்சு, எங்களுக்கு பெரிய காத்தே இல்ல, ஆனா விடியப் பாத்தா பின் குசினியில ரெண்டு தகரம் கிளம்பி வளவுக்குள்ள கிடக்குதெண்டு வீடு பாக்கிற அண்ணன் போன் எடுத்தார். எனக்கு விளங்கவே இல்ல, கடல் கிழக்கால, குசினி மேற்கால. பிறகு தான் இருந்து யோசிச்சுப் பாத்தன். எங்கட பக்கத்தில புயல் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிரா சுத்தும். அது எங்களுக்கு வடக்கால கரையேறினா எங்களுக்கு காத்து வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு எண்டு தரைப்பக்கத்தால வரும். தெற்கால ஏறினாத் தான் கடல் பக்கத்தால வரும், கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும், வெள்ளம் ஏறுறது அப்பத்தான். நேர எங்களுக்கு மேலால போனா அப்பா சொன்ன கதை, ரெண்டு பக்கத்தாலயும் அடி. ஆகவே கடல் பக்கத்துக்கு மட்டும் பலகை போட்டிட்டு இருக்கிறது அரைவாசி வேல கூட இல்ல. ஒரு ஜன்னல் உடைஞ்சு காத்து உள்ளுக்கு பூந்தாலே போதும், உள்ளுக்க இருந்து தள்ளி, மேல இருந்து இழுத்து கூரையை எடுத்திடும்.

ஜன்னல் மறைப்பில மூண்டு வகை பாத்திட்டம். முதல்ல கடல் பக்கம் அலுமினிய ரோலர் போட்டம், வடிவா இருந்தது, ரெண்டாம் வருசமே உப்பும் மணலும் பிடிச்சு பாதியில நிண்டு கீழயும் வராது மேலயும் போகாது. கழட்டிட்டம். பிறகு 18 மில்லிமீட்டர் ப்ளைவூட், ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவா வெட்டி, சுவரில நிரந்தரமா இறக்கின போல்ட்டில கொண்டு போய் மாட்டி கையால திருகிற நட் போடுறது. இதுதான் எங்களுக்குச் சரிவந்தது. ஆனா வெட்டின ஓரத்துக்கு பெயின்ட் அடிக்காம விட்டதால ஒரே மழையில ஊதிட்டு, ரெண்டு பலகையை நிலத்தில வச்சதால கறையான் திண்டிட்டு. இப்ப ஓரத்துக்கு மூண்டு தரம் பெயின்ட், மேல ராக்கையில தூக்கி வைக்கிறது, ஒவ்வொண்டிலயும் எந்த ஜன்னல் எந்தப் பக்கம் மேல எண்டு பெரிசா எழுதியிருக்கு, ஒருத்தர் தனிய ஒண்டரை மணித்தியாலத்தில போட்டு முடிக்கலாம். பின் கதவுக்கும் குசினி ஜன்னலுக்கும் பழைய மரத்தில செஞ்ச பலகைக் கதவு நிரந்தரமா தொங்குது, பாரம் கூட, ஆனா அதில இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல.

மத்ததெல்லாம் சின்ன வேல தான், ஒக்டோபர் முதல் கிழமையில ஒரு நாளில முடியும். தென்னையில குரும்பையும் தேங்காயும் காய்ஞ்ச மட்டையும் இறக்கிறது கட்டாயம், காத்தில வாற ஒரு தேங்காய் ஓட்டுக்குள்ளால போகும். மேல் தாங்கியை நிரப்பி விடோணும், வெறும் தாங்கி பறக்கும். காஸ் சிலிண்டர் பூட்டி உள்ளுக்கு, பிரிட்ஜ் காலி, மெயின் சுவிட்ச் ஓஃப். கிணத்துக்கு மூடி. கிணறு பற்றி ஒண்டு, கடல் தண்ணி பூந்தா அவசரப்பட்டு மோட்டர் போட்டு இறைச்சு காலி பண்ணக்கூடாது, சுனாமிக்குப் பிறகு கிழக்கில கன இடத்தில அப்பிடி அளவுக்கு மிஞ்சி இறைச்சு கீழ இருந்து உப்பு இன்னும் மேல ஏறிட்டு. மழைத் தண்ணி மெல்ல மெல்லக் கழுவ விடோணும், பொறுமை வேணும்.

இனி ரோடு. வழமையா நாங்க விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு மீரிகமையில எக்ஸ்பிரஸ்வே ஏறி குருநாகலில இறங்கி, தம்புள்ளை, ஹபரணை, அங்க இருந்து ஏ11 இல பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை. நல்ல நாளில சுகமான ரோடு, பின்னேரம் ஹபரணைப் பக்கமும் புணானைப் பக்கமும் யானை நிக்கும், அதனால இருட்ட முதல் தாண்டுற மாதிரிப் போவம். மழைக்காலத்தில சிக்கல் மன்னம்பிட்டியும் கல்லெல்லயும், மகாவலி நிரம்பினா அந்தத் தாழ்வான பகுதியில ரோட்டுக்கு மேலால தண்ணி போகும். நான் கன காலமா நினைச்சுக்கொண்டிருந்தது, ஏ11 மூடினா திருகோணமலைக்குப் போய் ஏ15 இல மூதூர், வெருகல், வாகரை எண்டு கீழ வரலாமெண்டு. கிண்ணியாப் பாலம் 2009 இல திறந்தாச்சு, மத்தப் பாலங்களும் பிறகு போட்டாச்சு, பிறகென்ன எண்டு. வரைபடத்தை விரிச்சு வச்சு ஆத்தை விரலால பிடிச்சுக்கொண்டு போன நாள் தான் தெரிஞ்சது, மன்னம்பிட்டிக்குக் கீழால போற மகாவலி பிரிஞ்சு ஒரு கிளை வெருகலாலயும் மத்தது மூதூர்ப் பக்கத்தாலயும் கடலுக்குப் போகுது. என்ட மாத்து வழியும் அதே ஆத்தைத் தான் தாண்டுது! ஒரு ரோடு மூடினா மத்த ரோட்டுக்கும் அதே தண்ணி வந்து சேரும், நாள் தான் முன்பின். ரயிலும் மன்னம்பிட்டியால தான் போகுது.

மலைப்பக்கத்தால மகியங்கனை, மகாஓயா, செங்கலடி எண்டு வரலாம், ஆனா மழைக்கு அந்தப் பக்கம் மண்சரிவு, கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை போட்டிருந்தா மஞ்சளோ சிவப்போ நான் அந்த ரோட்டைப் பாக்கவே மாட்டன். மகாவலியையும் மலையையும் ரெண்டையும் தவிர்க்கிற வழி தெற்கால தான் இருக்கு, தெற்கு எக்ஸ்பிரஸ்வேயில மத்தளை வரைக்கும், பிறகு மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு. 2022 இல ஒருக்கா நல்ல வெயில் நாளில வேணுமெண்டே ஓடிப் பாத்தம், எந்த இடத்தில பெற்றோல், எந்த இடத்தில ரோடு பதிவு எண்டு குறிச்சு வச்சம், ஒரு முழு நாள் எடுத்தது, பிள்ளைகள் களைச்சுப் போச்சுதுகள். அதிலயும் அம்பாறைக் கரையில வெள்ளம் ஏறும். 2024 நவம்பர் கடைசியில காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் பாய்ஞ்ச ரோட்டால போன ட்ராக்டர் அடிபட்டு மத்ரசாப் பிள்ளைகள் செத்தது எல்லாருக்கும் தெரியும். ட்ராக்டரே நிக்கேல்ல. அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு கட்டுப்பாடு, ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடினா எவ்வளவு ஆழமெண்டு பாக்கிறதே இல்ல, திரும்பி வாறது.

2025 நவம்பர் கடைசி கிழமை, டித்வா. 26 ஆம் திகதி வானிலை பாத்த உடன எனக்கு கை நடுங்கிச்சு, ஏனெண்டா அந்த வருசம் பலகை போடேல்ல, ஒக்டோபரில மகளுக்கு பரீட்சை எண்டு போகாம விட்டிட்டம். சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினன். அம்மா கதவில நிண்டு, "வீடு போனா கட்டலாம், நீ போனா நாங்க என்ன செய்யிறது, உள்ளுக்கு வா மகன்" எண்டா. அவ்வளவுதான், திரும்பினன். 28 ஆம் திகதிக்குள்ள எல்லாம் தலைகீழ். அது காத்தை விட மழையால அடிச்ச புயல், மெதுவா ஊர்ந்து போய் மலையில கொட்டின தண்ணியெல்லாம் மகாவலியால இறங்கிச்சு, மன்னம்பிட்டிப் பக்கம் மூடிச்சு, புத்தளம் அனுராதபுரம் ரோட்டில கலாஓயாவில பஸ் மாட்டி, ஆக்கள் ஒரு வீட்டுக் கூரையில ஏறி நிண்டு கடற்படை போய் எடுத்தது, இங்க களனி கங்கை ஏறிச்சு. நாட்டில 600 பேருக்கு மேல போயிட்டாங்க. நான் வெளிக்கிட்டிருந்தா எந்த இடத்தில நிண்டிருப்பனோ தெரியாது. மலையில பெய்யிற மழை மன்னம்பிட்டிக்கு வந்து சேர ஒரு நாள், சிலநேரம் அதுக்கு மேலயும் எடுக்கும், அதனால பொலன்னறுவையில வெயில் எண்டு யாரும் சொன்னா அதை நம்பி வெளிக்கிடக்கூடாது, நீர்ப்பாசனத் திணைக்களம் போடுற மன்னம்பிட்டி நீர்மட்டத்தைப் பாக்கோணும், எந்தக் குளம் வான்கதவு திறந்திருக்கெண்டு பாக்கோணும், சந்தேகமெண்டா அனர்த்த முகாமைத்துவ நிலையத்திட 117க்கு எடுத்துக் கேக்கோணும்.

அந்த ரெண்டு நாள் எங்கட வீட்டைப் பாத்தது வீடு பாக்கிற அண்ணன். நான் கேக்கேல்ல, அவர் தானாவே 26 ஆம் திகதி பின்னேரம் போய் பலகை எல்லாம் மாட்டியிருக்கிறார், பலகையில நம்பர் எழுதியிருந்ததால சுகமா இருந்ததெண்டார். பிறகு சிக்னலும் போச்சு, மூண்டு நாள் அவர் குரல் கேக்காம நாங்க இருந்த இருப்பு. அவருக்கும் மனுசி பிள்ளைகள் இருக்கு, அவர்ட வீடு தாழ்வான இடம். எங்கட பலகைக்காக அவர் ஒரு மணித்தியாலம் பிந்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்புக்கு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாரெண்டு பிறகு கேட்ட நேரம் எனக்கு நெஞ்சு அடைச்சிட்டு. இனி அவர்ட கையில அந்த வேலையை விடுறதில்ல. ஒக்டோபர் முதல் கிழமை, பரீட்சையோ கலியாணமோ, நான் போய் பலகை போட்டிட்டு வாறன், ஜனவரி வரைக்கும் அது அப்பிடியே இருக்கட்டும், வீடு இருட்டா இருந்தா இருந்திட்டுப் போகட்டும். எச்சரிக்கை வந்தா அவர் எங்கட வீட்டுப் பக்கம் போகத்தேவையில்ல, நேர பிள்ளைகளோட பாதுகாப்பான இடத்துக்குப் போறது, போனில சார்ஜ் மிச்சம் பிடிக்க காலை ஏழுக்கும் பின்னேரம் ஆறுக்கும் மட்டும் எடுக்கிறது எண்டு பேசி வச்சிருக்கிறம்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி, சில பாலிசியில வீடு தொடர்ந்து 30 நாள் ஆளில்லாம இருந்தா சேதத்துக்கு தர மாட்டாங்க, எங்கட முதல் பாலிசி அப்பிடித்தான் இருந்தது, விடுமுறை வீட்டுக்கு அது பிரயோசனமே இல்ல, எடுக்க முதல் அந்தப் பக்கத்தை வாசியுங்க. ஒவ்வொரு ஒக்டோபரும் வீட்டைச் சுத்தி வீடியோ எடுத்து வைக்கிறன்.

ரோடு திறந்த பிறகு டிசம்பர் நடுவில போனம். மன்னம்பிட்டி தாண்டுற நேரம் ரெண்டு பக்கமும் சேறு பிடிச்ச வயல், காருக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்ல. வீட்டில முகட்டு ஓடு நாலு உடைஞ்சிருந்தது, ஒரு தென்னை சரிஞ்சு மதில்ல கிடந்தது, உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அண்ணன்ட வீட்டில இடுப்பளவுக்கு வெள்ளக் கோடு. கொண்டு போன ஓட்டையும் சீமெந்தையும் முதல்ல அவர்ட வீட்டில இறக்கினம்.