எஸ்க்யூஎல்ஆல்கெமியோடு ஒன்பது வருடம்

2016 கடைசியில் மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுத ஆரம்பித்தேன். டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லை எழுதும் தொல்லை விட்டது என்று நினைத்துத்தான், அதை நமக்காக எழுதித் தரும் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற லைப்ரரியை எடுத்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இன்றைக்கும் அதே மென்பொருள் அதே லைப்ரரியில்தான் ஓடுகிறது. ஆனால் முன்பைவிட இப்போதுதான் நான் எஸ்க்யூஎல் அதிகம் படிக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. மைக் பேயர் 2006-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இது, எம்ஐடி உரிமம். உள்ளே இரண்டு அடுக்கு. டேபிள், ஃபீல்டுகளைப் பைத்தானிலேயே சொல்லி எஸ்க்யூஎல் கட்டித் தருவது கோர். டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் ஓர் ஆப்ஜெக்டாக ஆக்கிக் கையில் தருவது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஓஆர்எம். பலர் ஓஆர்எம்மோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கோர்தான் சொத்து. விற்பனை ரிப்போர்ட்டில் தேதி, கிளை, வரி விகிதம் என்று ஒருவர் மூன்றையும் தேர்ந்தெடுப்பார், இன்னொருவர் ஒன்றோடு விடுவார். ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டிக் கொரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் கேள்வி) தயாரித்து, எங்கே ஒரு காற்புள்ளி விடுபட்டது என்று ராத்திரி முழுக்கத் தேடியவர்களுக்கு, நிபந்தனைகளைத் தேவைப்பட்டபோது மட்டும் கோத்துக்கொண்டே போக முடிவதன் அருமை தெரியும்.

முதல் அடி பில் பட்டியல் பக்கத்தில் விழுந்தது. 200 பில்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் சரக்கு விவரம். என் கணினியில் பறந்த பக்கம், கடையில் நிஜ டேட்டாவோடு திறந்தால் நொண்டியது. டேட்டாபேஸ் இணைப்பைக் கவனிக்கும் எஞ்சினில், ஓடும் கொரிகளைக் காட்டும் எக்கோவைப் போட்டுப் பார்த்தேன். டெர்மினலில் ஒரே கொரி பில் எண் மட்டும் மாறி மாறி அருவியாகக் கொட்டியது. பில்களுக்கு ஒன்று, ஒவ்வொரு பில்லின் சரக்குக்கும் ஒன்று, ஆக 201. லூப்புக்குள் பில்லின் சரக்கை எடுக்க நான் சாதாரணமாக எழுதிய ஒரு புள்ளி, ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கு ஓடிப் போய் வந்திருக்கிறது. எல்லாப் பில்களின் சரக்கையும் ஒரே கொரியில் எடுத்துவரும் 'செலக்ட்இன்லோட்' சேர்த்ததும் 201 இரண்டாகச் சுருங்கியது. அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: டேபிள்களுக்கு இடையிலான உறவுகளை வரையறுக்கும்போதே, தொடர்புடைய டேட்டாவை எப்போது எடுப்பது என்று சொல்லும் லேஸியை 'ரைஸ்' என்று வைத்துவிடுவேன். முன்கூட்டிக் கேட்காமல் தொட்டால் உடனே எரர் வரும். திட்டு வாங்குவது என் கணினியிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது காலைப் பிரச்சினை. கடை திறந்ததும் முதலில் லாகின் செய்பவருக்கு எரர், அடுத்த கிளிக்கில் சரி. "முதல் கிளிக் போணி ஆகாது சார்" என்று அங்கிருந்த கணக்குப்பிள்ளை பழகியே விட்டார். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், 8 மணி நேரம் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனைத் தானே அறுத்துவிடும். பூலில் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் தொகுப்பு) இருக்கும் கனெக்‌ஷன் செத்தது நம் பக்கம் தெரியாது. எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.2 பதிப்பில் வந்த 'பூல் ப்ரீ பிங்' ஒற்றை வார்த்தையில் இதைத் தீர்த்தது. கொடுக்கும் முன் கனெக்‌ஷனுக்கு உயிர் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்க்கும். இது ஏன் இயல்பாகவே ஆன் ஆகி வரவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றங்களை டேட்டாபேஸில் ஏற்றும் துணைக் கருவியான அலெம்பிக் பற்றி ஒன்று மட்டும். ஃபீல்டின் பெயரை மாற்றினால், மாற்றங்களைத் தானே எழுதித் தரும் ஆட்டோஜெனரேட் அதைப் பெயர் மாற்றமாகப் பார்க்காது. பழையதை அழி, புதியதைச் சேர் என்று எழுதி வைக்கும். படிக்காமல் ஓட்டினால் டேட்டா போச்சு.

பெரிய கதை எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0. 2023 ஜனவரியில் வந்தது. நாங்கள் அடுத்த வருடம்தான் மாறினோம். 2.0 பாணியான 'செலக்ட்' வழிக்குப் பழைய கொரிகளை மாற்றுவது சலிப்பான வேலை, அவ்வளவுதான். மாட்டியது வேறு இடத்தில். ராத்திரி ஓடும் ஸ்டாக் ஸ்கிரிப்டில் நேரடி எஸ்க்யூஎல்லாக ஓர் அப்டேட் இருந்தது. 1.4 வரை அது தானாகவே கமிட் ஆகும், அதாவது டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதியும். 2.0-ல் நாம் கமிட் சொல்லாவிட்டால், கனெக்‌ஷன் மூடும்போது ரோல்பேக், மாற்றம் ரத்து. எரர் இல்லை, லாக் சுத்தமாக இருக்கிறது, ஸ்டாக் மட்டும் அப்படியே நிற்கிறது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. 1.4-லேயே 2.0 எச்சரிக்கைகளைக் காட்டும் சுவிட்ச் ஒன்று உண்டு. ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். அதைப் போட்டு ஓட்டியிருந்தால் சொல்லியிருக்கும். சோம்பேறித்தனம் என்னுடையது, லைப்ரரியைக் குறை சொல்ல முடியாது.

மாறியபின், எது எந்த வகை டேட்டா என்று சொல்லும் டைப் ஹிண்ட் ஒழுங்காக வேலை செய்வது நிம்மதி. ஃபீல்டு பெயரைத் தப்பாக அடித்தால் எடிட்டரே கோடு போட்டுவிடுகிறது. டாக்குமென்டேஷன் கடல்தான், ஆனால் எரர் வந்தால் அதன் விளக்கப் பக்கத்துக்கான இணைப்பும் கூடவே வரும், அது எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. இணையத்தில் தேடினால் மட்டும் பாதிப் பதில்கள் இன்னும் 1.x காலத்தவை, தேதி பார்த்துப் படிக்க வேண்டும்.

நாலு டேபிள், ஒரு ஸ்கிரிப்ட் என்றால் இதை எடுக்காதீர்கள். பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் மாட்யூலே தாராளம்.

ஒரு கொரிக்குக் காத்திருக்கும்போதே வேறு வேலைகளைக் கவனிக்கும் ஏசிங்க் முறையையும் முயன்றேன். கமிட் ஆன ஆப்ஜெக்டைத் தொட்ட இடமெல்லாம் 'மிஸ்ஸிங் க்ரீன்லெட்' எரர். கமிட்டுக்குப் பின் ஆப்ஜெக்டின் டேட்டா எக்ஸ்பயர் (காலாவதி) ஆகாமல் வைக்க வேண்டும், உறவுகளை முன்பே எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரே நேரத்தில் முப்பது பேர் பில் போடும் கடைக்கு இது எதற்கு என்று நிறுத்திவிட்டேன். அந்த முயற்சியின் பிராஞ்ச் இன்னும் எங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்டில் அப்படியே கிடக்கிறது.