வேட்டை ரைஃபிள் தோட்டாவுக்கு எந்த மருந்து: குச்சியா, உருண்டையா?

வேட்டை ரைஃபிளுக்குத் தோட்டாவைக் கையால் நிரப்புபவர்கள் குண்டைத் தேர்ந்தெடுக்க நெடுநேரம் யோசிக்கிறார்கள். குண்டைத் தள்ளும் வெடிமருந்து என்று வரும்போது, மருந்து அளவுகளைத் தரும் கையேட்டில் எந்த வரியில் அதிக வேகம் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்கிறார்கள். இலக்குப் பலகையைச் சுடுவதற்கு இந்த வழி போதுமானதாக இருக்கலாம். உயிருள்ள விலங்கை நோக்கிச் சுடுபவருக்கு முதல் குண்டே சரியாகப் போய்ச் சேர வேண்டும். அதுவும் தோட்டாவைச் சோதித்த நாளின் வானிலையில் அல்ல, வேட்டைக்குப் போகும் நாளின் வானிலையில். இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே மருந்துகளை ஒப்பிடுகிறேன்.

முதலில் எரிவேகம், அதாவது மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது என்பது. மருந்தை அடைக்கும் உலோகக் கூட்டின் கொள்ளளவு, குழலின் உள்விட்டம், குண்டின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்து பொருத்தமான எரிவேகத்தை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகின்றன. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு வார்கெட், ஐ.எம்.ஆர். 4064 போன்ற நடுத்தர வேக மருந்துகள் பொருந்தும். 165 முதல் 180 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) வரை எடையுள்ள குண்டு வைத்த .30-06 தோட்டாவுக்கு 4350 எண் கொண்ட மருந்துகளும், .270 வின்செஸ்டருக்கு அவற்றோடு இன்னும் மெதுவாக எரியும் எச்4831 மருந்தும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. எரிவேகப் பட்டியல் வரிசையை மட்டுமே காட்டும். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் காட்டாது. ஆகவே ஒரு மருந்தின் அளவைப் பார்த்து, பட்டியலில் அதற்கு அடுத்துள்ள மருந்தின் அளவை ஊகிப்பது ஆபத்தான வேலை.

பொருத்தமான எரிவேகம் தெரிந்த பிறகும் மூன்று வகைகள் போட்டியில் நிற்கின்றன. நைட்ரோசெல்லுலோஸை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, நீளமான இழைகளாகப் பிழிந்து நறுக்கிய குச்சி மருந்து ஒன்று. அதே குச்சி வடிவில், நைட்ரோகிளிசரினும் சேர்ந்து ஆற்றல் கூடிய மருந்து இரண்டாவது. வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் 1933-இல் ஃப்ரெட் ஓல்சன் உருவாக்கிய முறையிலிருந்து வந்த, பெரும்பாலும் நைட்ரோகிளிசரின் கலந்த உருண்டை மருந்து மூன்றாவது. .30-06 தோட்டாவையே எடுத்துக்கொண்டால் எச்4350, ரீலோடர் 22, வின்செஸ்டர் 760 ஆகியவை முறையே இந்த மூன்று வகைகளுக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

அளந்து ஊற்றுவதில் உருண்டை மருந்துக்கே வெற்றி. வின்செஸ்டர் 760, மருந்தை அளந்து ஊற்றும் கருவியான அளவியின் வழியாகத் தண்ணீர்போல் இறங்கும். கைப்பிடியை ஒரே சீராக இயக்கினால் ஒவ்வொரு கூட்டிலும் விழும் எடை கிரெயினில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் பெரும்பாலும் வேறுபடும். நீளக் குச்சி மருந்தோ, சுழல் உருளையின் விளிம்பில் மாட்டிக் கரகரவென்று வெட்டுப்படும். புனலின் கழுத்தில் குறுக்கே நின்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்படி அடைத்தால் ஒரு கூட்டில் மருந்து குறைந்து, அடுத்த கூட்டில் கூடிவிடும். குச்சி மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் அளவியில் சற்றுக் குறைவாக ஊற்றி, மீதியைத் தராசுத் தட்டில் சிறிது சிறிதாக உதிர்த்து நிறைவு செய்வதே சரியான முறை. வேட்டைக்காரர் ஒரு பருவத்துக்கு நிரப்புகிற தோட்டாக்கள் மிகக் குறைவு என்பதால், இந்தக் கூடுதல் நேரத்தை ஒரு குறையாக நான் கருதவில்லை.

வெப்பநிலையில் நிலைமை தலைகீழாகிறது. பழைய உருண்டை மருந்துகளும் ரீலோடர் 22 போன்றவையும் வெயில் ஏற ஏற அழுத்தத்தைக் கூட்டி, குளிரில் வேகத்தை இழக்கின்றன. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசையில் வரும் எச்4350, எச்4831, வார்கெட் ஆகியவை இந்த மாற்றத்தைக் குறைப்பதற்கென்றே ஆஸ்திரேலியாவில் தயாராகின்றன. வேகம் வினாடிக்கு 50 அடி குறைந்தாலும் 200 மீட்டர் தூரத்தில் குண்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழாது; ஆகவே குளிரைவிட எனக்கு வெயிலே கவலை தருகிறது. குளிர்காலக் காலையில் அழுத்தத்தின் உச்ச வரம்பை ஒட்டி நிரப்பிச் சோதித்த தோட்டா, கோடை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடந்த பிறகோ, சுட்டுச் சூடான குழலின் அறையில் சில நிமிடம் தங்கிய பிறகோ, அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விளிம்பு தட்டையாகி, குழலின் அறையை மூடும் போல்ட்டைத் திறக்க வழக்கத்தைவிடக் கூடுதல் பலம் தேவைப்பட்டால் அழுத்தம் ஏற்கெனவே எல்லை மீறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். புதிய மருந்துகள் இந்தப் பிரிவினையை ஓரளவு மாற்றியிருப்பதையும் சொல்லியாக வேண்டும்: ரீலோடர் 16 நைட்ரோகிளிசரின் கலந்ததாக இருந்தும் வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை, ஸ்டேபால் 6.5 உருண்டை மருந்துகளிலேயே இந்தக் குறையைக் களைய முனைந்த ஒன்று.

கூடு எவ்வளவு நிறைகிறது என்பதும் முக்கியம். 4350 வகைக் குச்சி மருந்து .30-06 கூட்டைக் கழுத்து வரை ஏறக்குறைய நிரப்பிவிடுவதால், துப்பாக்கியை எப்படிச் சாய்த்தாலும் மருந்து பிரைமரை ஒட்டியே இருக்கிறது. தவறுதலாக இரு மடங்கு ஊற்றினால் வழிந்து கண்ணில் பட்டுவிடும். உருண்டை மருந்து அடர்த்தி மிக்கது. முழுச் செம்புக் குண்டுகள் ஈயக் குண்டுகளைவிட நீளமாக இருந்து கூட்டுக்குள் இடத்தைப் பறித்துக்கொள்ளும்போது, அந்த அடர்த்தியே பெரிய உதவியாகிறது. அத்தகைய குண்டு வைத்த .308 தோட்டாவுக்கு நான் உருண்டை மருந்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேற்பூச்சு அதிகமுள்ள உருண்டை மருந்துகள் எளிதில் பற்றிக்கொள்வதில்லை என்பதால், கையேடு வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமரைக் கேட்டிருந்தால் அதைத்தான் வைக்க வேண்டும்.

வேகம் ஒன்றே குறி என்றால் நைட்ரோகிளிசரின் சேர்ந்த குச்சி மருந்துகள் முந்துகின்றன. விடாவூரியின் என்500 வரிசை அந்நிறுவனத்தின் என்100 வரிசையைவிட அதிக ஆற்றல் தருவது இதனால்தான். அதற்கு விலையாகச் சுடர் வெப்பம் கூடி, குழலில் அறையை அடுத்துள்ள தொண்டைப்பகுதி சீக்கிரம் தேயக்கூடும். 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அந்தக் கூடுதல் வேகத்தால் பெரிய பயன் இல்லை, ஆகவே .30-06, .270, 6.5 கிரீட்மோர் ஆகிய மூன்றிலும் எச்4350 மருந்தையே நான் முதலில் எடுப்பேன். மானை வேட்டையாடப் பழகும் இளையவருக்கு உதைப்பு குறைந்த தோட்டா வேண்டுமென்றால் எச்4895 சிறந்தது. கையேட்டின் உச்ச அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் அதைக் குறைத்து நிரப்பலாம் என்று தயாரிப்பாளரே வழிகாட்டுகிறார். மெதுவாக எரியும் மருந்துகளை அப்படித் தன்னிச்சையாகக் குறைப்பது, பெரிய கூடுகளில் எதிர்பாராத அழுத்த ஏற்றத்துக்கு வழிவகுக்கும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. எச்4831 மருந்தும் ஐ.எம்.ஆர். 4831 மருந்தும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் பின்னது வேகமாக எரிவது. முன்னதற்கான உச்ச அளவைப் பின்னதில் ஊற்றினால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். எச்4350, ஐ.எம்.ஆர். 4350 இரண்டுக்கும் தனித்தனி அளவுகளே செல்லும். மேசைமீது ஒரே ஒரு டப்பா மட்டும் இருக்க வேண்டும். அளவியில் மிஞ்சிய மருந்து அன்றே தன் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். ஒரே பெயரில் வாங்கிய புதிய டப்பாவில் தயாரிப்புத் தொகுதி எண் மாறியிருந்தால், பழைய உச்ச அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக மீண்டும் ஏறி வர வேண்டும்.