இங்கிலிஷ் ரோஜா: கொடியாக ஏற்றலாமா, புதராக விடலாமா? சில வருடங்கள் வளர்த்துப் பார்த்த அனுபவம்

இங்கிலிஷ் ரோஜா, அதாவது இங்கிலாந்து ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ரகங்களை, வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பூவின் படத்தை. என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது தண்டைப் பற்றி. வளையுமா, விறைப்பாக நிற்குமா, எவ்வளவு முள், எத்தனை அடி போகும் என்று கேளுங்கள். நிறம் எதுவானாலும் ஒரு வருடத்தில் பிடித்துவிடும். தண்டும் இடமும் பொருந்தாவிட்டால் வருடா வருடம் கத்தரியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

எங்கள் வீடு இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், பின்பக்கம் முழுக்கக் களிமண். ஆஸ்டின் நர்சரி இருக்கும் ஆல்பிரைட்டன் இங்கிருந்து பக்கம்தான். ஜூன் மாதத்தில் அங்கே போனால் சுவரிலும் பெர்கோலா என்ற கொடிப்பந்தலிலும் ஏறிய கொடிகளையும் பாத்தியில் நிற்கும் புதர்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வாங்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள், படத்தில் தெரியாத பல விஷயம் நேரில் தெரியும்.

இங்கிலிஷ் ரோஜாவில் உயரமாக வளரும் ரகங்களுக்குக் கொடி, புதர் என்று கறாரான எல்லை கிடையாது. ஆஸ்டின் 1961இல் வெளியிட்ட முதல் ரகமான கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையே அப்படித்தான், விட்டால் பெரிய புதர், சுவர் கிடைத்தால் கொடி. கெர்ட்ரூட் ஜீக்கிலும் (1986) அப்படியே. குளிர்காலத்தில் குட்டையாக வெட்டிக்கொண்டே வந்தால் ஐந்தடிப் புதர், நீளத் தண்டுகளை விட்டுக் கட்டினால் பத்தடி வரை ஏறும். வெப்பம் கூடிய ஊர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இங்கே புதராக நிற்கும் கிரஹாம் தாமஸ் என்ற ரகம் கலிஃபோர்னியாவில் கொடி மாதிரி ஓங்கிவிடுகிறது. ஆகவே லேபிளில் உள்ள உயரம் இங்கிலாந்துக் கணக்கு என்பதை வேறு நாட்டில் வளர்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலியில் ஏற்றியிருப்பது கெர்ட்ரூட் ஜீக்கில்தான். இதன் வாசனைக்காகவே எத்தனை முள்ளையும் பொறுத்துக்கொள்ளலாம். நம்மூர்ப் பன்னீர் ரோஜாவை முகர்ந்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். காரணம் உண்டு: இதன் பெற்றோரில் ஒன்று கோம்ட் தெ ஷாம்போர் என்ற போர்ட்லேண்ட் ரோஜா, டமாஸ்க் ரோஜாக்களின் உறவு. பன்னீர் ரோஜாவும் அந்தக் குடும்பம்தான். ஜூன் மாத மாலையில் பின்கதவைத் திறந்தால் போதும், வீடு முழுக்க மணக்கும். ஆனால் தண்டு விறைப்பு, முள் நெருக்கம். ஆள் உரசிக்கொண்டு போகும் நடைபாதை ஓரத்தில் இதை வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு முள் குறைவான ‘எ ஷ்ராப்ஷயர் லாட்’ என்ற ரகம் போதும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அதைத்தான் சொல்வேன்.

சுவரில் ஏற்றியிருப்பது தி ஜெனரஸ் கார்டனர், 2002இல் வந்த வெளிர் இளஞ்சிவப்பு. இதன் பூ தலை குனிந்து தொங்கும். புதரில் தலை குனிந்த பூ என்றால் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும், மழை பெய்தால் சேறும் தெறிக்கும். அதையே தலைக்கு மேல் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு பூவும் நம் முகத்தைப் பார்க்கும். குனியும் பூவைக் கொடியாக்கு, நிமிர்ந்த பூவைப் புதராக்கு என்று நண்பர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஏற்றுவது எப்படி? ரோஜா மல்லிகைக் கொடி மாதிரி தானாகச் சுற்றாது, பற்றுக்கம்பியும் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும். கட்டும்போது முக்கியமான ஒரே விஷயம், தண்டை முடிந்தவரை படுக்க வைப்பது. நேராக மேலே போகும் தண்டில் நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்கிற ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும், அதனால் உச்சியில் மட்டும் நாலு பூ, கீழே வெறும் கட்டை. அதே தண்டைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினால் நுனியின் பிடி தளர்ந்து, நீளம் முழுக்கக் கணுவுக்குக் கணு பக்கக் கிளை வெடிக்கும், ஒவ்வொன்றின் முனையிலும் பூ. வேலியின் பாதி உயரத்துக்கே ஏறிய செடி கீழிருந்து மேல்வரை பூத்து நிற்பதைப் பார்த்தால் உயரத்தின் மேல் உள்ள ஆசையே போய்விடும். தூணிலோ ஆபெலிஸ்க் என்ற கூம்பு வடிவச் சட்டத்திலோ ஏற்றுகிறீர்கள் என்றால் தண்டைத் திருகுசுருளாகச் சுற்றிக் கட்டுங்கள், அதே பலன்.

வளைக்க வேண்டியது அந்த வருடம் வந்த இளம் தண்டுகளை. இலையுதிர் காலத்தில் அவை இன்னும் இணங்கும், முற்றிப்போனால் முறியும், கெர்ட்ரூட் ஜீக்கிலில் இது ரொம்பவே உண்மை. சுவரில் தரையிலிருந்து 45 செ.மீ உயரத்தில் முதல் கம்பி, அப்புறம் அதே இடைவெளியில் மேலே மேலே. கம்பி சுவரை ஒட்டாமல் சில செ.மீ தள்ளி நிற்கட்டும், காற்று போக வேண்டும். செடியையும் சுவரிலிருந்து 45 செ.மீ தள்ளி நட்டுச் சாய்த்து விடுங்கள், ஏனென்றால் சுவரடியில் மழை சரியாக விழாது. தண்டைக் கம்பிக்கோ ட்ரெல்லிஸ் என்ற கொடிச் சட்டத்துக்கோ பின்னால் நுழைக்கவே நுழைக்காதீர்கள். பருத்த பிறகு எடுக்க முடியாது. முன்பக்கம் வைத்து, சணல் கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள்.

கவாத்து ஜனவரி, பிப்ரவரியில். கொடியில் பிரதானத் தண்டுகளை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணுவுக்கு வெட்டுவேன். புதரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை மட்டும் விதிவிலக்கு. அது வருடத்தில் ஒரு முறைதான் பூக்கும், அதுவும் முந்தைய வருடத் தண்டில், எனவே பூத்து முடிந்த பிறகுதான் கத்தரி. பிப்ரவரியில் பாதியாக வெட்டினால் அந்த வருடப் பூவில் பெரும்பகுதி போய்விடும்.

புதர் பக்கம் எனக்குப் பிடித்தது லேடி ஆஃப் ஷாலட், ஆரஞ்சு நிறம், 2009. இடம் இருந்தால் ஒரே ரகத்தில் மூன்றை அரை மீட்டர் இடைவெளியில் நடுங்கள், ஒரே பெரிய செடி போல அடர்ந்து நிற்கும்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் கடைசியில் ஒரு தடவை, முதல் பூப்பு முடிந்ததும் ஒரு தடவை, மட்கிய குதிரைச் சாணத்தில் மூடாக்கு. கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளுங்கள்.

முதல் இரண்டு வருடம் கொடியைப் பார்த்து யாரும் சோர்ந்துபோக வேண்டாம், அது வேர் பிடித்துத் தண்டு விடும் காலம், மூன்றாவது வருடத்தில்தான் சுவர் நிறையத் தொடங்கும். அதனால் பெரிய தொட்டிச் செடிக்குப் பணம் கொட்ட அவசியமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கும் செடி விலை குறைவு, களிமண்ணிலும் நன்றாகப் பிடிக்கிறது. ஒட்டுப் பகுதி (வேரோடு தண்டை ஒட்டுப் போட்ட இடம்) மண்ணுக்குள் சுமார் 5 செ.மீ போகும்படி நட்டால் போதும். இந்தக் குளிர்காலத்தில் நான் டீசிங் ஜார்ஜியா வாங்கப் போகிறேன், மஞ்சள் ரகம், கராஜ் சுவருக்கு, நிச்சயமாகக் கொடியாகத்தான்.