ஜோங்ஹ்வானா, தேக்கா?

'ரிப்ளை 1988' கொரியத் தொடரைப் பார்த்தவர்கள் எப்படியும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்: நாயகி தோக்சுனுக்கு ஏற்றவன் ஜோங்ஹ்வானா, தேக்கா?

நான் ஜோங்ஹ்வான் கட்சி. நெரிசலான பேருந்தில் அவள்மேல் யாரும் இடிக்காதபடி கையை ஊன்றி நிற்பான். வாயைத் திறந்தாலோ கிண்டல்தான். ஜோங்ஹ்வானாக நடித்த ரியு ஜுன்யோலின் முறைப்பிலேயே அத்தனை பாசமும் தெரியும். ஆனால் சொல்லித் தொலைக்க மாட்டான்.

பார்க் போகம் நடித்த தேக், பாதுக் என்ற காய் ஆட்டத்தின் பலகையை விட்டால் எதுவும் தெரியாத அப்பாவி (என் தங்கை பாஷையில் 'பச்சப்புள்ள'). அந்தப் பச்சப்புள்ளதான் ஆட்டத்தையே விட்டுவிட்டு தோக்சுனுக்காக இசைக் கச்சேரிக்கு ஓடி வருகிறான். சிவப்பு விளக்குகளில் நின்று நின்று வரும் ஜோங்ஹ்வானுக்குக் கொஞ்சம் தாமதம். விளக்கைத் திட்டாமல் தன் தயக்கத்தையே நொந்துகொள்வான் பாருங்கள், அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

தேக்கைத் தேர்ந்தெடுத்த தோக்சுன் முடிவில் தப்பில்லை. என் ஓட்டு மட்டும் மாறவில்லை.