காரைக்குடியில் ஒரு பழங்காகிதக் கடை: ஜீவாவைத் தேடிச் சென்றவனின் மதிப்பீடு

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து நிற்கும் தெருவில், பர்மாத் தேக்குத் தூண்களையும் பீங்கான் சாடிகளையும் ரவிவர்மா படங்களையும் தாண்டிப் பின்கட்டுக்குச் சென்றால், காகிதத்துக்கென்றே ஓர் அறையை ஒதுக்கியிருக்கும் கடை ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் முன்கட்டோடு திரும்பிவிடுகிறார்கள். ஜீவா என்று அழைக்கப்பட்ட ப. ஜீவானந்தத்தின் இளமைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காக இரண்டு மாதங்களில் நான்கு முறை அந்த அறையில் உட்கார்ந்து தூசி தட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஒருவரைச் செட்டிநாட்டில் ஏன் தேட வேண்டும் என்று நண்பர்களே கேட்டார்கள். 1907இல் பூதப்பாண்டியில் பிறந்து, வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டு, சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துச் சோறிட்டதை ஏற்க மாட்டாமல் வெளியேறிய அந்த இளைஞர், அடுத்து வந்து சேர்ந்த இடம் காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் உள்ள சிராவயல். இன்று மஞ்சுவிரட்டுக்காக மட்டுமே பேசப்படும் அந்த ஊரில், செட்டிநாட்டுச் செல்வர் ஒருவரின் உதவியோடு அவர் காந்தி ஆசிரமம் நடத்தினார். வருணாசிரமத்தைப் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்து அங்கிருந்தே அவருக்குக் கடிதம் எழுதினார். 1927ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் காந்தியே சிராவயலுக்கு வந்து அவரைச் சந்தித்தார். உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டதும், இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொன்னதும், இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து என்று காந்தி திருத்தியதும் மேடைதோறும் சொல்லித் தேய்ந்த கதை. எனக்கு அந்தப் பாராட்டைவிட, இருபது வயதில் காந்தியோடு வாதாடத் துணிந்த அந்தக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போதுதான் கடையின் அருமை புரியும். இடிக்கப்படும் வளவுகளிலிருந்து, அதாவது பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து, தூணும் கதவும் வரும்போது இரண்டாம் கட்டு அலமாரிகளில் கிடந்த காகிதங்களும் மூட்டையாக வந்துவிடுகின்றன. இரங்கூன் கடைப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் எனப்படும் நகரத்தார் திருமண ஒப்பந்த ஓலைகள், மொய் எழுதிய நோட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே, காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கம் நடத்திய ‘ஊழியன்’ இதழின் உதிரிப் பக்கங்கள் எனக்குக் கிடைத்தன. கடல் கடந்து வட்டித்தொழில் செய்த வீடுகள்தான் கதர் இயக்கச் செய்திகளையும் சீர்திருத்தக் கட்டுரைகளையும் படித்துக் கட்டி வைத்திருந்தன என்பது, நூல்களில் படித்தபோது உறைக்காமல், அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1932இல் சிறைக்குச் சென்று, அங்கே பகத்சிங்கின் தோழர்களோடு பழகிப் பொதுவுடைமையாளராக வெளிவந்தவரின் முதல் பயிற்சிக்களம் இப்படிப்பட்ட வீடுகள் சூழ்ந்த ஊர்தான்.

மூன்றாவது முறை சென்றபோது பேரேடு ஒன்றின் அடியில் ‘ஜனசக்தி’ இதழ்களின் கட்டு ஒன்று அகப்பட்டது. 1937இல் ஜீவா தொடங்கிய ஏடு அது. என் கைக்கு வந்தவையோ, அவர் வண்ணாரப்பேட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐம்பதுகளைச் சேர்ந்தவை. கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டியவரின் குரல், ஒரு லேவாதேவிக் கணக்குக்குக் கீழே இத்தனை ஆண்டுகள் கிடந்திருக்கிறது. “இந்தக் கட்சிக் காகிதத்த யாரும் கேக்கறதில்லையேண்ணே, நீங்கதான் கேக்கறீக” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அடுத்த நொடியே கட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றார். அவர் விலை வைப்பது எடையைப் பார்த்தன்று, பக்கங்களைப் பார்த்தும் அன்று. வாங்குபவரின் முகத்தைப் பார்த்துத்தான். ஆயிரத்து நூறுக்கு முடிந்தது.

குறைகள் சிறியவை அல்ல. கட்டைப் பிரித்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள அவர் விடுவதில்லை. கிழிந்த ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவதால், நாடா பழுத்து எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருகிறது. இவற்றைவிடக் கொடுமை, பழைய விளம்பரப் படங்களைக் கத்தரித்துச் சட்டமிட்டு முன்கட்டில் விற்பது. நான் வாங்கிய இதழ் ஒன்றில், தொழிற்சங்கச் செய்தி ஒன்றின் பாதி, மறுபக்கத்துப் படத்தோடு போய்விட்டது. இராமபாணப் பூச்சி தின்றதற்குக்கூட இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். ரசீது கேட்டால் மட்டுமே கிடைக்கும். எந்த வீட்டிலிருந்து எந்த மூட்டை வந்தது என்ற குறிப்போ, பட்டியலோ கிடையாது. பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த நூல்கள்தாம் இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன என்பதை நினைக்கும்போது, இந்த அலட்சியம் கூடுதலாக வலிக்கிறது.

ஆனாலும் அவரைப் பொறுமையற்றவர் என்று சொல்ல முடியாது. பகல் முழுவதும் புரட்டிவிட்டு எதையும் வாங்காமல் எழுந்த நாளிலும் முகம் சுளிக்காமல் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பழைய கம்பன் விழா அழைப்பிதழ்கள் சிலவற்றை அவராகவே எடுத்துக் காட்டினார். பின்னாளில், பொதுவுடைமையை எதிர்த்த சுதந்திராக் கட்சியின் சார்பில் 1962 தேர்தலில் வென்ற சா. கணேசன் நடத்திய கம்பன் விழா மேடையில் பொதுவுடைமையாளரான ஜீவா கம்பனைப் பேசினார் என்பதை நான் சொன்னதும், கடைக்காரர் அந்த அழைப்பிதழ்க் கட்டை எடுத்து, மேசையின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தேவையில்லாமல் வாயைக் கொடுத்து விலையை நானே ஏற்றிவிட்டேன்.

ஆராய்ச்சிக்காகச் செல்பவர்கள் காலை பத்து மணிக்கே போய்விடுவது நல்லது; அந்த அறையில் மின்விளக்கு ஒன்றுதான், பிற்பகலில் முற்றத்து வெளிச்சமும் குறைந்துவிடும். மூக்குக்குத் துணியும் சில்லறை நோட்டுகளும் அவசியம். அழைப்பிதழ்க் கட்டுக்கு அவர் கேட்ட மூவாயிரத்தை இன்னும் குறைக்கவில்லை; நானும் அடுத்த மாதம் மறுபடி போவதாக இருக்கிறேன்.